கணக்கப்பிள்ளையும் ஆடிட்டரும்

கொண்டுவிற்கப் போன நாட்டுக்கோட்டை நகரத்தாருக்கு வருமான வரி யோசனை சொன்ன முதல் ஆள் கடைக் கணக்கப்பிள்ளைதான். ரங்கூன் மொகல் தெருவிலோ கொழும்பிலோ பினாங்கிலோ கடை இருக்கும்; முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். மூன்றாண்டுத் தவணைக்குப் போன மேலாள் தொழிலை நடத்தி, பேரேடும் ஐந்தொகையும் தமிழில் எழுதி ஊருக்கு அனுப்புவார். வரி அதிகாரி முன் நிற்கத் தனித் தகுதி எதுவும் வேண்டியதில்லை. 1922-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 61-ம் பிரிவு, எழுத்து மூலம் அதிகாரம் பெற்ற யாரும் வரலாம் என்றது.

அந்தக் காலத்து வரிச் சிக்கலும் பேரேட்டுக்குள் அடங்கியது. பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ரங்கூன் லாபத்துக்கும் அதே சட்டம்தான். இலங்கை, மலாயா, சைகோன் ஆகியவை வெளிநாடுகள். அங்கே சம்பாதித்த லாபம் அங்கேயே இருக்கும்வரை இந்தியாவில் வரி இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வந்தால்தான் உண்டு. ஆகவே பினாங்கிலிருந்து வந்த தொகை முதலா, லாபமா என்பதே வழக்கு. கடையில் லாபம் கிடக்கும்போது வந்த பணத்தை லாபம் என்றே அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். முதல் என்று காட்ட வேண்டிய பொறுப்பு செட்டியாருடையது; அதற்குப் பற்று வரவை நன்றாக எழுதியிருந்த கணக்கப்பிள்ளையே சாட்சி. இதில் ஊரின் எல்லைக்கும் பங்கு உண்டு. காரைக்குடியும் தேவகோட்டையும் பிரிட்டிஷ் ராமநாதபுரம் மாவட்டம். ராயவரம், கடியாபட்டி போன்ற ஊர்களோ புதுக்கோட்டை சமஸ்தானம். இந்திய வருமான வரிச் சட்டம் அங்கே செல்லாது.

இந்த ஏற்பாடு இரண்டே ஆண்டுகளில் குலைந்தது. 1937 ஏப்ரல் 1-ல் பர்மா தனி நாடாகப் பிரிந்தது. 1939-ல் சட்டம் திருத்தப்பட்டு, இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்படுபவரின் வெளிநாட்டு வருமானமும், பணம் வந்தாலும் வராவிட்டாலும், வரிக்குள் வந்தது. கொண்டு வராத வருமானத்தில் 4,500 ரூபாய் மட்டும் கழிவு. பணம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி போய், ஆள் எங்கே இருக்கிறார் என்ற கேள்வி வந்தது. 182 நாள் கணக்கு தனி ஆளுக்கு. கூட்டுக் குடும்பத்துக்கு விதி இன்னும் கடுமை: நிர்வாகம் முழுவதும் வெளிநாட்டில் நடந்தால் ஒழிய அது இந்தியாவில் வசிப்பதாகவே பொருள். இதற்கான விடை எந்தப் பேரேட்டிலும் இல்லை.

அதே திருத்தம் அதிகாரி முன் வரத்தக்கவர்களையும் சுருக்கியது: உறவினர், சம்பளத்துக்கு இருப்பவர், வக்கீல், கணக்காய்வாளர், வருமான வரித் தொழில் செய்பவர். சம்பளக்காரர் என்ற முறையில் கணக்கப்பிள்ளை அப்போதும் போகலாம். ஆனால் 1941-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வந்த பிறகு, சட்டம் பேசத் தெரியாதவர் போய்ப் பயனில்லை.

கொழும்பில் குடும்பத்தோடு குடியிருந்த ஒரு செட்டியாரின் வழக்கு இதைக் காட்டுகிறது. கணக்கு ஆண்டில் அவர் இந்தியாவில் தங்கியது 101 நாள். அந்த நாட்களில் நில வழக்கையும் தம் வருமான வரி விவகாரத்தையும் தாமே நேரில் கவனித்தார். விசாகப்பட்டினத்துக் கடையுடன் நடந்த கடிதப் போக்குவரத்துக் கோப்பைக் கேட்டபோது அவரால் காட்ட முடியவில்லை. 1950-ல் உச்ச நீதிமன்றம், நிர்வாகம் முழுக்கக் கொழும்பில்தான் நடந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் அவரே, நிரூபிக்கவில்லை என்று கூறி, குடும்பத்தை இந்தியாவில் வசிப்பதாகவே கொண்டது. எந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துவது என்று முன்கூட்டியே சொல்ல ஒருவர் இருந்திருந்தால் வழக்கின் போக்கு மாறியிருக்கலாம்.

அதற்குள் எதிர்க்கரையிலும் வரி வந்துவிட்டது: இலங்கையில் 1932 முதல், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1948 முதல். ஒரே லாபத்துக்கு இரண்டு அரசுகள் வரி கேட்டதால், இரட்டை வரிச் சலுகை பெறுவது ஆடிட்டரின் தனி வேலையாயிற்று. 1949-ம் ஆண்டுச் சட்டம் பட்டயக் கணக்காளர் தொழிலுக்கு இந்தியா முழுமைக்குமான அமைப்பைக் கொடுத்தது. கூட்டுக் குடும்பத்தின் நிர்வாகம் பற்றிய 1939-ம் ஆண்டு விதி, 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 6-ம் பிரிவிலும் இடம்பெற்றது.