கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்: ஒரு பெயர் வணிகக் குறியான வரலாறு

கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் என்பது கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கைவினைஞர்கள் மரத்தில் செதுக்கும் தெய்வ உருவங்களையும் அலங்காரப் பொருள்களையும் குறிக்கும். இதற்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு தொழிலுக்குத் திறமையோடு பெயரும் ஏன் தேவை என்பதை அறிய இது நல்ல எடுத்துக்காட்டு.

தொழிலும் கருவிகளும்

தமிழகக் கோயில்களின் தேர்களும் வாகனங்களும் கதவுகளும் மரச்சிற்பிகளை வளர்த்தன. கோயில் திருப்பணிகள் குறைந்த காலத்தில், அவர்கள் வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஏற்ற சிலைகளைச் செய்யத் தொடங்கினர். பதப்படுத்திய மரத்தில் முதலில் உருவம் வரையப்படுகிறது. வாய்ச்சியால் வேண்டாத பகுதி நீக்கப்படுகிறது. பிறகு பலவகை உளிகளையும் கொட்டாப்புளியையும் கொண்டு முகம், கை, அணிகலன் ஆகியவை செதுக்கப்படுகின்றன. உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுவது கடைசி வேலை. வாகை, மா, வேம்பு, தேக்கு முதலிய மரங்கள் பயன்படுகின்றன.

பெயரில்லாத உழைப்பு

சிற்பம் முடிந்தவுடன் அதைச் செய்தவரின் பெயர் மறைந்துவிடுவது இத்தொழிலின் பழைய குறை. வணிகர் வாங்கிச் சென்று நகரக் கடையில் வைத்தால், வாங்குபவருக்கு ஊரும் தெரியாது, ஆளும் தெரியாது. அடுத்த சிலை வேண்டும் என்றாலும் அவர் கடைக்கே செல்வார், சிற்பியைத் தேடி வரமாட்டார். பேரம் பேசும் வலிமை பெயர் உள்ளவரிடமே இருக்கும். இதனை உணர்ந்து, 1973இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் ‘பூம்புகார்’ என்ற ஒரே பெயரில் விற்பனை நிலையங்களை நடத்தி வருகிறது.

புவிசார் குறியீடு

இந்தியாவில் பொருள்களின் புவிசார் குறியீடுகள் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதன் பதிவகம் சென்னையில் உள்ளது. வணிக முத்திரை ஒரு நிறுவனத்தின் உடைமை, அதை விற்கலாம். புவிசார் குறியீடு ஓர் ஊரின் உற்பத்தியாளர் அனைவருக்கும் பொது. அதை யாருக்கும் விற்க முடியாது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். பெயரைப் பொய்யாகப் பயன்படுத்துவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

அருகிலுள்ள பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பம் 2020இலேயே குறியீடு பெற்றது. ஒரே தொழில் செய்யும் இரண்டு ஊர்கள் தனித்தனிப் பெயரோடு நிற்பது, ஒவ்வோர் ஊரின் கைவண்ணமும் வேறு என்பதற்குச் சான்று.

கல்வராயன் மலை

மேற்கே உள்ள கல்வராயன் மலையில் தேன், கடுக்காய், புளி, சாமை போன்றவை கிடைக்கின்றன. இவை மூட்டையில் கட்டிச் சமவெளிச் சந்தைக்கு இறங்கும்போது, மலையின் பெயர் மூட்டையோடு வருவதில்லை. ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி மக்கள் விளைவிக்கும் காப்பி 2019இல் புவிசார் குறியீடு பெற்று, இன்று வெளிநாடுகளிலும் அப்பெயராலேயே கேட்கப்படுகிறது. கல்வராயன் மலையின் விளைபொருள்களும் அந்த வழியில் செல்ல இயலும்.

பெயரைக் காப்பது

2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் பெயர், 2024 சூனில் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட விஷச்சாராயத் துயரத்தால் நாடெங்கும் பேசப்பட்டது. தேடுபொறியில் ஊர்ப் பெயரை இடும் ஒருவருக்கு முதலில் கிடைப்பது அந்தச் செய்தியாக இருந்தால், பாதிப்பு உளி பிடிக்கும் சிற்பிக்கும்தான். ஓர் ஊரின் நற்பெயர் அங்குள்ள அனைவரின் முதலீடு.

குறியீடு மட்டும் விற்பனையைத் தராது. சிற்பிகள் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். சிலையின் அடியில் தம் பெயர், ஊர், மர வகை ஆகியவற்றைப் பொறிக்கலாம். செய்யும் முறையைப் படம் எடுத்து இணையத்தில் வைக்கலாம். தரம் குறைந்த ஒரு சிலை அந்தப் பெயரில் விற்கப்பட்டால், இழப்பு எல்லாருக்கும் உண்டு. பெயரைப் பெறுவது ஒருநாள் வேலை. அதற்குத் தகுதியாக இருப்பது அன்றாட வேலை.