லூப்பும் சத்து மாத்திரையும்

தொண்டி, தேவிபட்டினம் கரைகள் உட்பட, தமிழகக் கடலோரம் நெடுகிலும் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பால்சுறாப் புட்டுக் கொடுப்பது பழைய வழக்கம். அது புரதம் மிகுந்த உணவேயன்றி, பேற்றில் இழந்த இரும்பை ஈடுசெய்யப் போதுமானதன்று. இரும்பைக் காக்கும் வேலையைப் பாலூட்டலே செய்தது. பிள்ளை அடிக்கடி பால் குடிக்கையில் கருமுட்டையை முதிரச்செய்யும் இயக்குநீர்கள் அடங்குவதால் மாதவிடாய் தள்ளிப்போகிறது. ஒரு லிட்டர் பாலில் செல்லும் இரும்பு ஏறத்தாழ 0.3 மில்லிகிராம்தான், ஒரு மில்லிலிட்டர் இரத்தத்திலோ அரை மில்லிகிராம் அளவுக்கு வெளியேறிவிடுகிறது. தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் திரும்பாதிருந்தால், முதல் ஆறு மாதங்களுக்கு 98 விழுக்காட்டுக்கு மேல் கருத்தடைக் காப்பு உண்டு என்று 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய அறிஞர்கள் வரையறுத்தனர்.

1965இல் அரசு பரப்பிய லிப்பஸ் லூப், அதாவது கருப்பையில் வைக்கப்படும் நெளிந்த பிளாஸ்டிக் சாதனம், இக்கணக்கைத் தலைகீழாக்கியது. உதிரப்போக்கு மிகுந்ததே பலர் அதை எடுத்துவிடக் காரணமாயிற்று. 1970இல் தொடங்கிய தேசிய இரத்தசோகைத் தடுப்புத் திட்டம், 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மட்டுமன்றிக் குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்ற பெண்களுக்கும் உரியதாக்கியது. லூப் பறித்ததை மாத்திரையால் ஈடுசெய்யும் ஏற்பாடாகவே இதைக் கொள்ள வேண்டும். மலத்தைக் கறுப்பாக்கி வயிற்றைக் கட்டும் அம்மாத்திரையைத் தொடர்ந்து விழுங்குவது எளிதன்று என்பது வேறு செய்தி.

லூப்பைப் போலவே கருப்பையில் வைக்கப்படும், பின்னர் வந்த காப்பர்-டியின் செம்பு பாலில் கலந்துவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படையில்லை. அது நாள்தோறும் வெளியிடுவது சில பத்து மைக்ரோகிராம் மட்டுமே, உணவில் வரும் செம்போ மில்லிகிராம் கணக்கில் அமைவது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள், செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்னும் புரதத்தைக் கல்லீரலில் பெருக்குவதால் இரத்தத்தில் செம்பின் அளவை உயர்த்துகின்றன. அவை பாலையும் குறைக்கக்கூடும் என்பதால் முதல் ஆறு மாதங்களில் தவிர்க்கப்படுகின்றன. 2017இல் வந்த அந்தரா என்னும் கருத்தடை ஊசி உதிரப்போக்கைக் குறைத்தாலும் எலும்பின் கால்சியத்தைச் சற்றுக் கரைக்கிறது. ஊசியை நிறுத்தியபின் அக்குறை பெருமளவு சீராகிறது.

இவை அனைத்தினும் இரும்பின் கணக்கே கவலைக்குரியது. 2018இல் தொடங்கிய இரத்தசோகை இல்லா பாரதம் திட்டம் பேற்றுக்குப்பின் 180 நாள் தினமும் ஒரு மாத்திரை என வகுக்கிறது. அதன்பின் வாரத்துக்கு ஒன்றுதான். நீண்டகாலம் பால் கொடுப்பவளுக்கு மாதவிடாய் பெரும்பாலும் அந்த 180 நாள் கடந்த பிறகே திரும்புகிறது; ஆதலால் காப்பர்-டி அணிந்தவளின் உதிர இழப்பு தொடங்கும் வேளையிலேயே தினசரி மாத்திரை நின்றுபோகிறது.