மொய்ன் தள்ளுப்பெயர்ச்சி: நிலமேற்பரப்புச் சான்றும் அதிரலைப் பதிவும்

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மேட்டுநிலத்தில், தொல்லுயிர் எச்சங்களைக் கொண்ட டர்னஸ் சுண்ணாம்புப் பாறைக்கு மேலே உருமாறிய மொய்ன் சிஸ்ட் பாறைகள் அமைந்துள்ளன. மேலுள்ள அடுக்கே இளையது என்னும் விதிப்படி ராடரிக் மர்ச்சிசன் சிஸ்ட் பாறைகளை இளையவை எனக் கொண்டார். இரண்டுக்கும் இடையே பெயர்ச்சித் தளம் ஒன்று உண்டு என்று ஜேம்ஸ் நிக்கல் மறுத்தார். மர்ச்சிசன் பிரித்தானிய நிலவியல் அளவைத் துறையின் தலைவர். நிக்கலின் கருத்து இருபதாண்டுகளுக்கு மேல் புறக்கணிக்கப்பட்டமைக்குச் சான்றின் குறைவைவிடப் பதவியின் செல்வாக்கே காரணம் எனலாம். 1882-83இல் சார்லஸ் லாப்வொர்த் எரிபால் பகுதியை நுணுக்கமாக வரைபடமாக்கிய பின்னரே நிலை மாறியது. அப்போது அத்துறையின் தலைவராக இருந்த ஆர்ச்சிபால்ட் கெய்கி 1884இல் பழைய கருத்தைக் கைவிட்டார்.

பென் பீச், ஜான் ஹார்ன் ஆகியோரின் களப்பணி 1907இல் பெருநூலாக வெளிவந்தது. டர்னஸுக்கு அருகிலுள்ள ஃபாரெய்ட் முனையில் மொய்ன் பாறையின் துண்டு ஒன்று தனித்து நிற்கிறது. முதன்மை மொய்ன் பரப்பு அதற்குக் கிழக்கே நெடுந்தொலைவில் உள்ளது. இடைப்பட்ட பகுதி அரிப்பால் நீங்கியது என்று கொண்டால், பாறைத்திரள் குறைந்தது 10 மைல் மேற்கே தள்ளப்பட்டிருக்க வேண்டும். துளையிடாமலும் கருவியின்றியும் பெறப்பட்ட அளவு இது. ஆயினும், கிழக்கே சரிந்து மண்ணுக்குள் மறையும் அத்தளம் எவ்வளவு ஆழம் செல்கிறது என்பதை வெளித்தெரியும் பாறை சொல்லாது.

அவ்வினாவுக்கு விடை தேடி 1981இல் ஸ்காட்லாந்தின் வடகடற்கரைக்கு அப்பால் 'மோயிஸ்ட்' என்னும் அதிரலை எதிரொளிப்பு அளவீடு நடத்தப்பட்டது. கிழக்கே சரியும் எதிரொளிப்புகள் பல அதில் பதிவாயின. வெளித்தீவுத் தள்ளுப்பெயர்ச்சி புவியோட்டின் ஆழம்வரை தெளிவாகத் தெரிந்தது. அதற்கும் கீழே, மூடகத்துக்குள் செல்லும் ஃபிளானன் எதிரொளிப்பு யாரும் எதிர்பாராதது. ஆனால் நூறாண்டுக் காலம் ஆராயப்பட்ட மொய்ன் தளம் எது என்பதில்தான் ஐயம் நீடித்தது.

இதற்குக் காரணங்கள் உண்டு. அளவீட்டுக் கோடு கடலில் அமைந்ததால், கரையில் வரையப்பட்ட பெயர்ச்சிக் கோட்டை நீர்ப்பரப்பின் குறுக்கே நீட்டியே அதனோடு ஒப்பிட இயலும். இடையில் கோடு திசைமாறியிருந்தால் ஒப்பீடே பிழையாகும். பதிவின் செங்குத்து அச்சு ஆழமன்று, அலை சென்று திரும்பும் நேரம். புவியோட்டில் ஒரு நொடி ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழத்துக்கு ஈடு என்பது வேகத்தைப் பற்றிய ஊகத்தைப் பொறுத்தது. மேலும், பழைய தள்ளுதளங்கள் சில பிற்காலத்தில் புவியோடு இழுபட்டபோது எதிர்த்திசையில் நகர்ந்து, படிவுப் படுகைகளுக்கு எல்லையாயின. எனவே சரிந்து தெரியும் ஓர் எதிரொளிப்பு, தள்ளுதலின் தடமா, பிற்கால இழுவிசையின் தடமா என்பதைப் பதிவு மட்டும் தீர்மானிப்பதில்லை. கரையில் வெட்டுமுகங்களை வரைந்தோர் மென்சரிவான தளத்தையும், அதிரலைப் பதிவை முதன்மையாகக் கொண்டோர் சிலர் அதைவிடச் செங்குத்தான தளத்தையும் முன்வைத்தனர்.