மொராரியா: லிஸ்பன் நகரத்துச் சோனகத் தெரு

லிஸ்பனுக்குப் போகிறவர்கள் பார்க்கிறது பெரும்பாலும் ஒரே வரிசைதான். பெலேம் கோபுரம், ஜெரோனிமோஸ் மடாலயத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறை, ஆற்றங்கரையில் கடலோடிகளுக்கு எழுப்பிய நினைவுச்சின்னம், மஞ்சள் நிற 28ஆம் இலக்க ட்ராம். ஆகஸ்ட் விடுமுறையில், மச்சானின் மகன் படிக்கிற இடத்தைப் பார்க்கப் போன சாட்டில், எனக்கும் அந்த நகரத்தில் நான்கு நாள் கிடைத்தது. அந்த வரிசையை ஒரு நாளில் முடித்துவிட்டேன். மிச்சம் மூன்று நாளும் நான் திரிந்தது வேறு தெருக்களில்.

காரணம் இருக்கிறது. நம்முடைய பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற கூட்டில் 'இலங்கைச் சோனகர்' என்று தமிழில் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் 'மூர்'. 'சோனகர்' தமிழின் பழஞ்சொல். யவனர் என்ற சொல்லுக்கு உரையாசிரியர்கள் சோனகர் என்று பொருள் எழுதியதை உயர்தர வகுப்பில் நானே படிப்பித்திருக்கிறேன். 'மூர்' அப்படியல்ல. அது போர்த்துக்கேயர் கொண்டுவந்து இறக்கிய சொல். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் நம்மைப் பற்றி வாசித்த கட்டுரையும், 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பும் இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்குப் புதியவையல்ல. அந்த வாதத்தில் இரண்டு பேரும் மோதிக்கொண்டது நாம் எங்கேயிருந்து வந்தோம் என்பதில். பேர் எங்கேயிருந்து வந்தது, நமக்கு ஒட்டப்படுவதற்கு முதல் அந்தப் பேர் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது வேறு கேள்வி. அதற்கு விடை கிடக்கிற இடம் லிஸ்பன்.

அந்த இடத்தின் பேரே மொராரியா. 'மொவ்ரோ'க்கள் குடியிருக்கும் இடம் என்று பொருள். சோனகத் தெரு என்று மொழிபெயர்த்தால் ஒரு எழுத்தும் பிசகாது. கோட்டை இருக்கிற குன்றின் வடக்குச் சரிவில், பழைய மதிலுக்கு வெளியே இருக்கிறது. சுற்றுலாக் கையேடுகள் அதை 'ஃபாடோ' பாட்டின் தொட்டில் என்றுதான் சொல்லும். ஃபாடோவை 2011இல் யுனெஸ்கோ மானுட மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மரியா செவேரா என்ற பாடகி 1846இல், 26 வயதில், இந்தப் பகுதியின் கப்பெலாவ் தெருவில் இறந்துபோனாள். தெரு முகப்பில் பளிங்கில் செய்த ஒரு கிட்டார் நிற்கிறது. எல்லாரும் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். 'கப்பெலாவ்' என்றால் மதகுரு. மொராரியாவின் இமாமைத்தான் அந்தக் காலத்துப் போர்த்துக்கேய ஆவணங்கள் 'மொவ்ரோக்களின் கப்பெலாவ்' என்று எழுதுகின்றன. நம்மட ஊர்ப் பாஷையில் சொன்னால் லெப்பை.

இந்தத் தெரு உண்டான கதையை விளங்கிக்கொள்ள 1147க்குப் போக வேண்டும். அதற்கு முன் நானூறு வருஷத்துக்கும் மேலாக அந்த நகரத்தின் பேர் அல் உஷ்பூனா. 1147 ஜூலையில் அஃபோன்சோ ஹென்ரிக்கேஸ் என்ற போர்த்துக்கல் அரசன், சிலுவைப் போருக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த ஆங்கிலேயரையும் ஃப்ளெமிஷ்காரரையும் ஜேர்மனியரையும் மறித்து, கொள்ளைப் பங்கு தருகிறேன் என்று சேர்த்துக்கொண்டு நகரத்தை முற்றுகையிட்டான். 17 கிழமை. ஒக்டோபரில் நகரம் பணிந்தது. ஆங்கிலேயரோடு வந்த ஒரு பாதிரியார் எழுதிவைத்த கடிதம் இன்றும் இருக்கிறது. நகரம் பேச்சுவார்த்தையில்தான் கையளிக்கப்பட்டது என்றும், ஆனால் உள்ளே புகுந்த ஃப்ளெமிஷ்காரரும் கொலோன் நகரத்தாரும் உடன்படிக்கையை மீறிக் கொள்ளையடித்து, நகரத்தின் வயோதிப பிஷப்பைக் கழுத்தறுத்தார்கள் என்றும் அவர் எழுதுகிறார். முஸ்லிம் ஆட்சியின் கீழே அந்த நகரத்தில் ஒரு பிஷப் இருந்தார் என்பதும், அவரைக் கொன்றது சிலுவை தரித்து வந்தவர்கள் என்பதும் ஒரே வரியில் கிடைக்கிற செய்தி.

மொராரியாவின் அடிவாரத்துச் சதுக்கத்துக்கும் அதன் மெட்ரோ நிலையத்துக்கும் மார்ட்டிம் மொனிஸ் என்று பேர். கோட்டைக் கதவை மூடவிடாமல் தன் உடம்பையே ஆப்பாகக் கொடுத்த வீரன் என்பது கதை. நேரில் கண்டவர் எழுதிய கடிதத்தில் அப்படி ஒருவரும் இல்லை. பேச்சுவார்த்தையில் திறந்த கதவுக்கு ஆப்பு எதற்கு? ஹொஸே சரமாகோவின் 1989ஆம் ஆண்டு நாவலில், அச்சுப்பிரதி திருத்துகிற ஒருவர், சிலுவைப் படையினர் உதவினார்கள் என்ற வரலாற்று வாக்கியத்தில் 'இல்லை' என்று ஒரு சொல்லை வேண்டுமென்றே சேர்த்துவிடுகிறார். அந்த முற்றுகையைப் பற்றிப் போர்த்துக்கேயருக்குள்ளேயே குறும்பாக யோசித்தவர் இருக்கிறார் என்பது எனக்கு ஒரு ஆறுதல்.

வென்றவன் தோற்றவர்களை முழுதாகத் துரத்தவில்லை. 1170இல் லிஸ்பனிலும் ஆற்றுக்கு அக்கரையில் அல்மாதா, பல்மேலா, அல்காஸெர் ஊர்களிலும் இருந்த முஸ்லிம்களுக்கு ஒரு சாசனம் கொடுத்தான். கிறிஸ்தவரோ யூதரோ இவர்களுக்குத் தீங்கு செய்யலாகாது, இவர்களே தங்களுக்குள் தெரிவுசெய்யும் ஒருவர் இவர்களுக்கு நீதி வழங்கலாம் என்பது அதில் உரிமைப் பக்கம். கடமைப் பக்கத்தைத்தான் நான் இரண்டு தரம் வாசித்தேன். தலைக்கு வருஷம் ஒரு மரவேதி நாணயம், உழைப்பிலே பத்திலொன்று, அரசனின் திராட்சைத் தோட்டத்தைப் பராமரிக்க வேண்டும், அவனுடைய அத்திப்பழத்தையும் ஒலிவ் எண்ணெயையும் விற்றுக்கொடுக்க வேண்டும், அத்தோடு 'அல்ஃபித்ரா', 'அஸாக்கி' என்று இரண்டு வரி.

ஆமாம், அதேதான். ஃபித்ராவும் ஸக்காத்தும். ஏழைக்குப் போக வேண்டிய இரண்டும் பேர் மாறாமல் அரச கஜானாவுக்குப் போயின. ஸக்காத் கடமையை வரிப்பட்டியலில் ஒரு வரியாக்கின சாசனத்தைப் பெற்றவர்கள் அதை ஓதிக் கேட்டபோது என்ன நினைத்திருப்பார்கள் என்று எந்த ஆவணமும் சொல்லாது. ஆனால் போர்த்துக்கேய மொழியில் 'மொரெஜார்' என்று ஒரு வினைச்சொல் இன்றும் இருக்கிறது. மொவ்ரோவைப் போல மாடாய் உழைத்தல் என்று பொருள். அரசனின் திராட்சைத் தோட்டம் அந்தச் சொல்லுக்குள்ளே கிடக்கிறது.

அங்கிருந்த முஸ்லிம்கள் குயவர், பாய் இழைக்கிறவர், கம்பளம் நெய்கிறவர். மேலே ஏறினால் ஒலாரியாஸ் என்று ஒரு பகுதி. மட்பாண்டச் சாலைகள் என்று அர்த்தம். அந்தப் பக்கம்தான் அவர்களுடைய மையவாடியும் இருந்தது. 'அல்மொகாவர்' என்று எழுதுகிறார்கள். 'அல் மகாபிர்' என்பதன் சிதைவு.

கொஞ்சம் தெற்கே இறங்கினால் அல்ஃபாமா. அங்கே கூட்டம் அதிகம், ஆனால் பேரைக் கவனிக்கிறவர் குறைவு. 'அல் ஹம்மா' என்பது வெந்நீர் ஊற்று. 1154இல் புவியியலாளர் அல் இத்ரீஸி இந்த ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு தெருவைக் குறிப்பிடுகிறார். உஷ்பூனாவிலிருந்து எட்டுப் பேர், எல்லாரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள், மேற்குச் சமுத்திரத்தின் முடிவைக் காணக் கப்பல் ஏறினார்களாம். 11 நாள் போனதும் கலங்கின கடல். தெற்கே திரும்பி ஆடுகள் நிறைந்த தீவொன்றைக் கண்டார்கள், இறைச்சி கசப்பு. அப்பால் மனிதர் வாழும் ஒரு தீவில் பிடிபட்டு, கண்ணைக் கட்டி மொரோக்கோக் கரையில் இறக்கிவிடப்பட்டார்கள். திரும்பி வந்தவர்களின் பேரால் அந்தத் தெருவுக்குத் 'தர்புல் முகர்ரரீன்' என்று பேர் வந்தது. ஏமாந்துபோனவர் தெரு என்று சொல்லலாம். கதையில் எவ்வளவு உண்மை என்பது கிடக்கட்டும். பெலேமில் கல்லில் நிற்கிற கடலோடிகளுக்கு முந்நூறு வருஷத்துக்கு முன்னமே இந்த நகரத்தில் கடலோடிகள் பேரில் ஒரு தெரு இருந்திருக்கிறது. இன்றைக்கு அதற்கு ஒரு பலகைகூட இல்லை.

கிழக்கே சாவ் விசென்ட்டே ட ஃபோரா மடாலயம். முற்றுகையில் இறந்த ஜேர்மானியரைப் புதைத்த இடத்தில் அஃபோன்சோ எழுப்பியது. இன்றைய கட்டடம் பிந்தியது. அதன் முன்மண்டபச் சுவரில், 1147இல் லிஸ்பனைப் பிடித்த காட்சியை நீலமும் வெள்ளையுமாக ஓடுகளில் தீட்டியிருக்கிறார்கள். அந்த ஓட்டுக்குப் போர்த்துக்கேயத்தில் 'அஸுலெஜு'. அரபில் 'அல் ஸுலைஜ்'. வாசலில் இருந்தவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு டிக்கட்டைக் கிழித்தார்.

இனி, 1496. அந்த டிசம்பரில் அரசன் முதலாம் மனுவேல், யூதரும் மொவ்ரோக்களும் அடுத்த ஒக்டோபருக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று கட்டளையிட்டான். யூதர்களைப் பிறகு போகவும் விடவில்லை. பிள்ளைகளைப் பறித்து, பலவந்தமாக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். முஸ்லிம்களுக்குப் போக வழி விட்டார்கள். ஏன் இந்த வேறுபாடு? தமியாவ் ட கோயிஸ் என்ற அரச வரலாற்றாசிரியர் ஒளிக்காமல் எழுதுகிறார்: யூதருக்கு என்று ஒரு அரசு உலகில் இல்லை; முஸ்லிம்களின் பிள்ளைகளில் கைவைத்தால் முஸ்லிம் நாடுகளில் வாழும் கிறிஸ்தவர்களுக்கு அது திரும்பும். இரக்கம் அல்ல, கணக்கு. இப்படி எழுதத் துணிந்த கோயிஸையே பின்னாளில் இன்குவிசிஷன் விசாரித்தது.

போனவர்களில் சிலர் வட ஆபிரிக்காவுக்கும் பலர் பக்கத்துக் கஸ்டீலுக்கும் போனார்கள். அங்கே 1502இல் மதம் மாறு அல்லது போ என்ற கட்டளை அவர்களைப் பிடித்துக்கொண்டது. மொராரியாவின் மையவாடிக் கற்களை அரசன் சகல புனிதர் வைத்தியசாலையைக் கட்டக் கொடுத்தான். அந்த வைத்தியசாலையை 1755 நிலநடுக்கம் சிதைத்தது. அதன் அத்திவாரம் இன்று ஃபிகேரா சதுக்கத்தின் கீழே. மேலே மக்கள் கோப்பி குடிக்கிறார்கள், கீழே கார் நிறுத்துகிறார்கள். நான் லிஸ்பனில் அதிக நேரம் நின்ற இடம், பார்க்க ஒன்றுமேயில்லாத இந்தச் சதுக்கம்தான்.

திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1497 ஜூலையில் வாஸ்கோ ட காமா லிஸ்பனிலிருந்து புறப்படுகிறான். முஸ்லிம்கள் வெளியேறக் கொடுத்த தவணை முடிய இன்னும் மூன்று மாதம். அதே துறைமுகம், அதே அரசன். 1505இல், சிலர் கணக்கில் 1506இல், லொரென்சோ ட அல்மெய்தாவின் கப்பல்கள் நமது கரைக்கு வந்தபோதும் அரியணையில் அதே மனுவேல்தான். வந்தவர்கள் கொழும்பில் தொழுகிற வியாபாரிகளைக் கண்டு 'மொவ்ரோ' என்றார்கள். புதிதாக ஒரு பேரை யோசித்து வைக்கவில்லை. வரியாலும் கட்டளையாலும் முந்நூறு வருஷத்துக்கு மேல் தேய்ந்த, எட்டொன்பது வருஷத்துக்கு முன் துரத்துவதற்குப் பயன்பட்ட ஒரு பேரை அப்படியே தூக்கிவந்தார்கள். 1626இல் தங்கள் பிரதேசத்திலிருந்து நம்மவர்களை வெளியேற்றினதும், செனரத் மன்னன் கிழக்கில் குடியமர்த்தினதும் நாம் பாடசாலையில் படித்த கதை. அதை இலங்கைக் கதையாக மட்டும் படிப்பித்தால் பாதிதான் படிப்பிக்கிறோம் என்பது என் எண்ணம்.

நேரமுள்ளவர்கள் பல்கலைக்கழகப் பகுதியில் இருக்கும் தோர்ரே டு தோம்பு என்ற தேசிய சுவடிக்கூடத்தையும் பார்க்க வேண்டும். முதலில் கோட்டையின் ஒரு கோபுரத்தில் இருந்தது. 1755இல் கோபுரம் விழுந்தபின் இடம் மாறி, 1990இலிருந்து புதிய கட்டடத்தில். 'தோம்பு' என்றதும் காணி வழக்குப் பேசிய எங்கட வாப்பாமார் நினைவுக்கு வருவார்கள். அதே சொல்தான்.

மொராரியாவின் கீழ்ப்பகுதியை 1930களிலிருந்து 60கள் வரை இடித்துத் தள்ளினார்கள். ஆனால் பென்ஃபொர்மோஸோ தெரு மிஞ்சியிருக்கிறது. இப்போது அது வங்காளதேசத்தவர் கடைத் தெரு. ஹலால் இறைச்சி, கைப்பேசி, அரிசி மூட்டை. துரத்தப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அல்லர் இவர்கள். யாரும் திரும்பி வரவில்லை, வேறு ஆட்கள் வேறு காரணத்துக்காக வந்திருக்கிறார்கள். ஒரு கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். இலங்கை என்றேன். சிங்களமா, தமிழா? 'மூர்' எண்டேன். அவருக்கு விளங்கவில்லை. முஸ்லிம் எண்டதும் ஸலாம் சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டார். அஸருக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது, பள்ளி பக்கத்தில்தான், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்றார்.