பெண்ணுடலின் பாலுணர்வுத் துலங்கல்: அறிவு வளர்ந்த வரலாறு

தேனி, கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் ஒரு பெண் பூப்பெய்தினால் ஊருக்கே தெரியும். தாய்மாமன் சீர் வரும், மைக்செட் கட்டுவார்கள், செய்முறை நோட்டில் மொய் எழுதுவார்கள். அதே பெண் மணமுடித்துப் போகும்போது, இன்ப உணர்வில் தன் உடல் எவ்வாறு இயங்கும் என்று சொல்லித்தர ஆளில்லை. இனப்பெருக்கப் பாடத்தை "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று வகுப்பில் தாண்டிச் சென்ற காலத்தை நான் அறிவேன். அப்பாடத்தில் கருப்பையும் சினைப்பையும் இருந்தன, உணர்ச்சி இல்லை.

இம்மௌனத்தை மரபு என்று சொல்வதற்கில்லை. பெண்ணுக்கும் இன்பத்தின் உச்சம் உண்டா என்பதை வாத்சியாயனரின் காமசூத்திரம் விவாதமாகவே எடுத்துக்கொள்கிறது. ஆணுக்கு நிகழ்வதுபோல் பெண்ணுக்கு நிகழ்வதில்லை என்பது ஔத்தாலகியின் கட்சி. தொடக்கம் முதலே அவளுக்கு இன்பம் உண்டு என்பது பாப்ரவ்யர் வழியினர் கட்சி. இருவரும் ஒரே இனம், எனவே இன்பமும் ஒத்ததே என்று வாத்சியாயனர் முடிக்கிறார். தமிழில் அதிவீரராம பாண்டியர் பெயரில் வழங்கும் கொக்கோகமும் இத்துறை நூலே. பிற்காலத்தில் அது கடைகளில் ஒளித்து விற்கும் மலிவுப் பதிப்பாகிப்போனது வேறு கதை.

மேலைநாட்டிலும் குழப்பம் குறைவில்லை. யோனிலிங்கத்தில் (கிளைட்டோரிஸ்) உணரும் இன்பம் சிறுபிள்ளைத்தனமானது, முதிர்ந்த பெண்ணுக்கு அது யோனிக்குள் இடம்பெயர வேண்டும் என்று 1905-இல் பிராய்டு எழுதினார். அவர் உடலைச் சோதித்து இதைச் சொல்லவில்லை. ஆயினும் இக்கருத்தால் எத்தனையோ பெண்கள் தம்மைக் குறையுள்ளவர்களாக எண்ணிக்கொண்டனர். 1953-இல் கின்சி குழுவினரின் ஆய்வு இதை மறுத்தது.

இவ்வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடமுண்டு. நம் மாணவர்களில் பலர் இதை அறியார். மருத்துவர் ஏ. பி. பிள்ளை பம்பாயிலிருந்து பாலியல் அறிவியலுக்கென ஒரு பன்னாட்டு ஆய்விதழ் நடத்தினார். எர்ன்ஸ்ட் கிராஃபென்பெர்க் யோனியின் முன்சுவரில் உணர்ச்சி மிகுந்த பகுதி ஒன்றைப் பற்றி 1950-இல் எழுதிய கட்டுரை அவ்விதழில்தான் வெளிவந்தது. 1981-இல் அப்பகுதிக்கு அவர் பெயரால் 'ஜி-புள்ளி' என்று பெயரிட்டனர். அது தனி உறுப்பா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

உடலியக்கம் தெளிவானது 1966-இல். அமெரிக்காவின் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 382 பெண்களையும் 312 ஆண்களையும் ஆய்வகத்தில் நேரடியாகக் கவனித்து நூல் வெளியிட்டனர். கிளர்ச்சி, நிலைபேறு, உச்சம், தணிவு என நான்கு கட்டங்களை வகுத்தனர். கிளர்ச்சியில் இடுப்புப் பகுதிக்கு இரத்த ஓட்டம் பெருகுகிறது. யோனி ஈரமாவது சுரப்பிகளால் அன்று, இரத்தம் நிரம்பிய சுவரிலிருந்து கசியும் நீரால் என்பது அவர்களது முக்கியமான கண்டுபிடிப்பு. இதயத் துடிப்பும் மூச்சும் விரைகின்றன. உச்சத்தில் இடுப்புத்தளத் தசைகள் ஏறத்தாழ 0.8 நொடிக்கு ஒருமுறை சுருங்கி விரிகின்றன, கருப்பையும் சுருங்குகிறது. பின்னர் யாவும் மெல்லத் தணிகின்றன.

கசிவுக்கு நேரம் வேண்டும் என்பதே இதில் நடைமுறைக்கு மிகவும் பயன்படும் செய்தி. உடல் ஆயத்தமாகுமுன் நிகழும் உறவு வலிக்கும். அந்த வலியைப் பொறுப்பதே மனைவியின் கடமை என்று எண்ணி வாழ்ந்த பெண்கள் நம் ஊர்களில் அநேகர். பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் மாதவிடாய் நின்ற பின்னும் ஈரம் குறைவது இயல்பு. அதற்கு மருத்துவம் உண்டு.

உறுப்பின் முழு வடிவம் பரவலாகக் கவனம் பெற 1998 ஆயிற்று. மெல்போர்ன் அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல், யோனிலிங்கத்தில் வெளியே தெரிவது சிறுபகுதியே என்றும், பெரும்பகுதி உள்ளே யோனியையும் சிறுநீர்க்குழாயையும் ஒட்டிப் பரந்துள்ளது என்றும் உடற்கூறாய்வில் காட்டினார். பிராய்டு பிரித்துச் சொன்ன இரண்டும் ஒன்றையொன்று தொட்டே கிடந்தன.