பதின்மூன்றில் ஒருவர்

டேவிட் நேவான் எனக்கு முதலில் ஓர் எண்ணாகத்தான் அறிமுகமானார். சில வருடங்களுக்கு முன் வேலையிடத்தில் ஒரு தலைமைத்துவப் பயிற்சி. திரையில் எரியும் மலைச்சரிவு. தலைவர் வழி காட்டினார், மற்றவர்கள் கேட்கவில்லை, 13 பேர் செத்தார்கள். “சொன்னா கேட்கணும், அதான் பாடம்” என்று பயிற்சியாளர் முடித்தார். அடுத்து டீ பிரேக்.

அந்த 13 எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. நார்மன் மெக்லீன் எழுதிய ‘யங் மென் அண்ட் ஃபயர்’ நூலைத் தேடி வாசித்தேன். எழுபது வயதைத் தாண்டியும் அந்தச் சரிவில் ஏறித் தகவல் திரட்டியவர் மெக்லீன். அவர் இறந்தபின் 1992இல்தான் நூல் வெளிவந்தது. நேவானை அதில்தான் சந்தித்தேன்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவில் லெப்டினன்டாக இருந்தவர். 1944 டிசம்பரில் பெல்ஜியத்தின் பாஸ்டோன் நகரை ஜெர்மானியர்கள் சுற்றி வளைத்தபோது, உள்ளே மாட்டிக்கொண்டும் தாக்குப்பிடித்த படை அது. நேவான் பெர்க்லியில் வனவியல் படித்துப் பட்டம் பெற்றார். பிறகு மொண்டானாவில் ஸ்மோக்ஜம்பர் ஆனார். சாலை போகாத காட்டில் தீப்பிடித்தால் பாராசூட்டில் குதித்து, கோடரியும் மண்வெட்டியுமாக அதைக் கட்டுப்படுத்துகிற வேலை. குதிக்கவும் தெரிந்து, காட்டையும் படித்தவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை ஏது?

1949 ஆகஸ்ட் 5. மிசூரி ஆற்றை ஒட்டிய மான் கல்ச் பள்ளத்தாக்கு. முதல்நாள் விழுந்த மின்னலால் பற்றிய தீ. 15 பேர் குதித்தார்கள். வானொலிக் கருவியின் பாராசூட் விரியாமல் கருவி நொறுங்கிப்போனது. தனியாகத் தீயோடு போராடிக்கொண்டிருந்த வனக் காவலர் ஒருவரும் இவர்களோடு சேர்ந்துகொண்டார். ஆற்றை நோக்கி நடக்கும்போது நேவான் கேமராவை எடுத்துத் தீயைப் படம்பிடித்தாராம்.

கொஞ்ச நேரத்தில் தீ இவர்கள் பக்கம் தாவி, ஆற்றுக்குப் போகும் வழியை அடைத்தது. திரும்பி மேட்டில் ஏறினார்கள். காய்ந்த புல், செங்குத்தான சரிவு. கருவிகளைக் கீழே போடச் சொன்னார் தலைவர் வாக் டாட்ஜ். பிறகு தீக்குச்சி கிழித்துத் தன் முன்னால் இருந்த புல்லுக்கே தீ வைத்தார். அது எரிந்து போன இடத்துச் சாம்பலுக்குள் வரும்படி கூப்பிட்டார். யாரும் போகவில்லை. சாம்பலில் படுத்த டாட்ஜ் பிழைத்தார். பாறை இடுக்கு வழியாக உச்சிக்குப் போன இருவரும் பிழைத்தார்கள். இறந்த ஒருவரின் கடிகாரத்தில் முட்கள் 5:56இல் நின்றிருந்தன.

பயிற்சியாளரோடு எனக்குச் சண்டை இங்கேதான். அந்த உத்தியை அவர்களுக்கு யாருமே கற்றுத் தந்ததில்லை. டாட்ஜுக்கே அது அந்த நிமிடத்தில் தோன்றியதுதான். துரத்தி வரும் தீக்கு முன்னால் நின்று இன்னொரு தீ மூட்டும் ஆளைப் பார்த்தால் நாம் என்ன நினைப்போம்? ‘இந்த ஆளுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு.’ பிழைத்த இருவருக்குமே அவர் என்ன செய்கிறார் என்று அப்போது புரியவில்லை. சொன்னதைக் கேட்காதவர்கள் என்று ஏசி அறையில் உட்கார்ந்து சொல்லிவிடுவது சுலபம்.

அவரவர் வீழ்ந்த இடத்தில் பிறகு கான்கிரீட் சிலுவைகள் நட்டார்கள். நேவானுக்கும் ஒரு சிலுவை. நேவான் யூதர். அந்த இடத்துக்குத் தாவீதின் நட்சத்திரம் பொறித்த நினைவுக்கல் 2001இல்தான் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் அவர் பெயரில் அடுத்தவர் அடையாளம் நின்றது. யாரும் வேண்டுமென்றே செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. பதின்மூன்று பேரையும் ஒன்றாக எண்ணியவர்களுக்கு ஒருவர் தனியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். நானும் அன்று அப்படித்தான் குறிப்பெடுத்தேன்.

அந்தக் குறிப்பேடு இன்னும் இருக்கிறது. ‘13’ என்று எழுதிய இடத்தில் பெயர்களையும் வயதையும் எழுத ஆரம்பித்தேன். இடம் போதாமல் பின்பக்கத்துக்குப் போக வேண்டியிருந்தது. பலருக்கு இருபதைச் சுற்றித்தான் வயது. நேவானுக்கு 28. அவர்தான் அவர்களில் மூத்தவர்.