டாம் ராபர்ட்சின் ஓவியப் பயிற்சியும் உளப்பதிவு நெறியும்

ஆஸ்திரேலிய ஓவிய வரலாறு கூறுவோர், டாம் ராபர்ட்சை (1856–1931) அந்நாட்டில் 'இம்ப்ரெஷனிசம்' என்னும் உளப்பதிவு நெறியைத் தொடங்கி வைத்தவராகக் கூறுவர். அந்நெறி பிறந்த இடம் பாரிசு. ஆதலின் ராபர்ட்சும் பாரிசு ஓவியர் வழிவந்தவரே எனக் கொள்ளுதல் எளிது. அக்கோள் பொருந்துமா என்பதை அவர் பெற்ற பயிற்சியின் வழிநின்று ஈண்டு ஆராய்வாம்.

இங்கிலாந்திலுள்ள டார்செஸ்டரில் பிறந்த ராபர்ட்ஸ், தந்தையை இழந்தபின் 1869இல் தாயுடன் மெல்பேர்ன் சேர்ந்தார். ஒளிப்பட நிலையத்தில் உதவியாளராகப் பணியாற்றிக்கொண்டே அந்நகரின் தேசிய ஓவியக்கூடப் பள்ளியில் பயின்றார். 1881இல் இலண்டன் சென்று அரச கலைக்கழகப் பள்ளியில் சேர்ந்தார். உருவத்தைப் பிழையற வரைதலே அங்குப் பெற்ற அடிப்படைக் கல்வி.

1883இல் ஜான் ரசல் முதலியோருடன் ஸ்பெயின் நாட்டில் சுற்றியபோது, பாரிசில் பயின்ற பர்ராவ், காசாஸ் என்னும் இளம் ஓவியர் இருவரைச் சந்தித்தார். இயற்கையைத் திறந்த வெளியில், கண்முன் கண்டவாறே தீட்டும் முறை அவர்கள்வழி அவர்க்கு வலியுறுத்தப்பெற்றது. 1884இல் இலண்டனில் விசுலர் தம் சிற்றோவியங்களைக் காட்சிக்கு வைத்த காலத்தும் ராபர்ட்ஸ் அந்நகரிலேயே இருந்தார் என்பது கருதத்தக்கது.

1885இல் மெல்பேர்ன் மீண்ட அவர், 1889 ஆகஸ்டில் ஸ்ட்ரீட்டன், காண்டர் முதலியோருடன் புகழ்பெற்ற '9க்கு 5' காட்சியை நடத்தினார். 180க்கும் மேற்பட்ட அப்படங்களுட் பல, 9 அங்குல நீளமும் 5 அங்குல அகலமும் உடைய சுருட்டுப்பெட்டிப் பலகைகளில் தீட்டப்பெற்றவை. ஜேம்ஸ் ஸ்மித் என்னும் திறனாய்வாளர் அவற்றை முற்றுப்பெறாதவை எனக் கடிந்தெழுத, ஓவியர்கள் அக்கட்டுரையையே காட்சிக்கூடத்தில் ஒட்டிவைத்தனர்.

இப்படங்களை மோனேயின் படங்களோடு ஒப்புநோக்கின் வேறுபாடு புலனாகும். மோனே ஒளியைத் தனித்தனி வண்ணத் தீற்றல்களாகப் பகுத்தார். ராபர்ட்ஸ் ஒளி நிழல்களின் அளவையே முதற்கண் நோக்கினார். மோனேயிடம் உருவம் ஒளியிற் கரையும். ராபர்ட்சிடம் அது கரைவதில்லை. 1901இல் ஆஸ்திரேலியப் பாராளுமன்றம் திறக்கப்பட்ட காட்சியை 250க்கும் மேற்பட்டோரின் முகங்களுடன் அவர் 1903இல் வரைந்து முடித்தமைக்கு, கலைக்கழகம் தந்த உருவப் பயிற்சியே துணைநின்றது.

எனவே, ராபர்ட்ஸ் பாரிசு நெறியை அவ்வாறே பின்பற்றியவர் அல்லர். இலண்டன் பயிற்சியை விடாது, வெளியில் தீட்டும் முறையை அதனோடு இணைத்துத் தம் நாட்டு வெயிலைக் கண்டவர் என்பதே நாம் கொள்ளத்தக்க முடிபாகும்.